கயிலை யாத்திரை: புறப்படும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரில் எங்கள் உழவாரப் பணிக் குழுவில் கயிலைக்குப் போய் வந்தவள் நான் ஒருத்திதான். 2016இல் போனபோது வலத்தை முடிக்காமல் திரும்பினேன், 2019இல் முடித்தேன். அன்று முதல் பிராகாரத்தில் புல் செதுக்கும்போதும், கல்யாணப் பந்தியிலும், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை அடியில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

அக்கா, கயிலாயம் இந்தியாவில்தானே இருக்கிறது? பத்ரிநாத்துக்குப் பக்கமா?

இல்லை. திபெத்தின் மேற்குப் பகுதியில், சீனாவின் ஆட்சிக்கு உட்பட்ட இடத்தில் இருக்கிறது. அதனால் பாஸ்போர்ட், சீன விசா, திபெத்துக்குள் நுழையத் தனி அனுமதி மூன்றும் வேண்டும். தனியாளாகப் போய்வர முடியாது, குழுவாகத்தான் விடுவார்கள். மலையின் உயரம் 6,638 மீட்டர். அதன் தெற்கே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவர் ஏரி. அதன் மேற்கில் உப்பு நீர் கொண்ட இராட்சச தால், நம்மவர்கள் வாயில் இராவணன் ஏரி. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கு ஆறுகளும் இந்த வட்டாரத்தில்தான் பிறக்கின்றன.

வடநாட்டார் போகிற யாத்திரை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கிறார்கள். தேவார மூவரும் பாடிய தலம் இது. சுந்தரர் வெள்ளை யானை மேல் போய்ச் சேர்ந்த நொடித்தான்மலை இதுதான்.

உச்சியில் கோயில் இருக்கிறதா? எத்தனை படி ஏற வேண்டும்?

உச்சியில் கோயிலும் இல்லை, அங்கே போகப் பாதையும் இல்லை. மலையே லிங்கம். அதைச் சுற்றி வலம் வருவதுதான் வழிபாடு. திருவண்ணாமலையில் நாம் செய்வதுபோலத்தான். தூரம் மட்டும் 52 கிலோமீட்டர். உச்சியில் ஏற யாருக்கும் அனுமதி கிடையாது. ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் என்ற பெயர் பெற்ற மலையேறி, 1980களில் தமக்கு வாய்ப்பு வந்தும் ஏற மறுத்துவிட்டார்.

இந்த மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனார் என்பது நம் மரபு. மலையடிவாரத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களிடம் நான் அம்மையாரைத்தான் நினைவுபடுத்துவேன்.

அரசாங்கம் நடத்தும் யாத்திரை நல்லதா, நேபாளம் வழியாகப் போவது நல்லதா?

இந்திய வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் நடத்தும் யாத்திரை ஒன்று. அதில் இரண்டு வழிகள்: உத்தரகாண்டில் லிபுலேக் கணவாய், 2015 முதல் சிக்கிமில் நாதுலா. விண்ணப்பித்தால் கணினிக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நின்றிருந்து, 2025இல் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு இரு வழிகளிலுமாக இடம் 750 பேருக்குத்தான். லிபுலேக் வழியில் முன்பு பல நாள் நடை இருந்தது. இப்போது சாலை கணவாய்க்கு அருகே வரை வந்துவிட்டதால் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்று தனியார் ஏற்பாட்டில் காட்மாண்டு வழியாகப் போவது. கேருங் எல்லை வழியாகச் சாலையில் போகலாம். அல்லது நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா என்று விமானமும் ஹெலிகாப்டருமாகப் போய், எல்லை தாண்டித் திபெத்தின் புராங் ஊரை அடையலாம். நாள் மிச்சம் என்று பலரும் இந்த இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். மேகம் மூடினால் அங்கே எதுவும் பறக்காது. 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரிகர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் சிக்கிக்கொண்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

எது நல்லது என்றால், குலுக்கலில் பெயர் வந்தால் அரசு யாத்திரைதான். டெல்லியில் கண்டிப்பான மருத்துவப் பரிசோதனை உண்டு. வழியில் உடம்பு உயரத்துக்குப் பழக நாள் ஒதுக்கியிருப்பார்கள். நேபாள வழியில் போனால் அந்தக் கண்டிப்பை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்? அரசு உதவி உண்டா?

2025இல் அரசு யாத்திரைக்கு அறிவித்த மதிப்பீடு, லிபுலேக் வழிக்கு ஏறத்தாழ 1.74 லட்சம் ரூபாய், நாதுலா வழிக்கு ஏறத்தாழ 2.83 லட்சம். குதிரை, சுமைகூலி, குளிருக்கான துணிமணி இவற்றுக்கும் கையில் பணம் வேண்டும். தமிழக அரசு 2012 முதல் மானசரோவர் யாத்ரிகர்களுக்கு மானியம் தருகிறது. இந்து சமய அறநிலையத் துறையில் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். போய்வந்த பிறகு விண்ணப்பிக்கத் தேவைப்படும் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே கடைசி முதல் செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் இமயத்தின் இந்தப் பக்கத்தில் மழை. மண்சரிவு பெரிய ஆபத்து. 1998 ஆகஸ்டில் உத்தரகாண்டின் மால்பாவில் மலை சரிந்து, கயிலை யாத்ரிகர்கள் ஏறத்தாழ 60 பேர் உட்பட இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மேலே காற்றில் ஆக்சிஜனே இல்லை என்கிறார்கள். உண்மையா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 விழுக்காடு. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. வலத்தின் மிக உயர்ந்த இடமான டோல்மா கணவாய் 5,630 மீட்டர். அங்கே அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதிதான். தண்ணீரே அங்கே ஏறத்தாழ 81 டிகிரியில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வைத்தால் மேலே குழைந்து நடுவில் அரிசியாகவே நிற்கும். சோற்றுக்கே இந்தப் பாடு என்றால் உடம்பை நினைத்துப் பாருங்கள்.

உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த விதி. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இவை முதல் எச்சரிக்கை. அவை இருக்கும்வரை மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நேரமே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போகும்.

கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போனால் மூச்சு சரியாகிவிடுமாமே? இல்லாவிட்டால் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

பாதி யாத்ரிகர்கள் கழுத்தில் துணி முடிச்சில் கற்பூரம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மூக்கு குளுகுளுவென்று இருப்பதால் மூச்சு நன்றாகப் போவதுபோலத் தோன்றும். இரத்தத்தில் ஆக்சிஜன் துளியும் கூடாது. மணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. வாயில் போடாதீர்கள், அது நஞ்சு.

மாத்திரை என்பது அசெட்டசோலமைடு. உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனிகள் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் அவரிடம் கேட்டபின்தான் எடுக்க வேண்டும். மாத்திரை எடுத்தாலும் முன் பதிலில் சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும்.

நான் தினமும் பெரிய கோயிலைச் சுற்றி நடக்கிறேன். அது போதாதா?

சமதள நடை போதாது. நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். படி ஏறுங்கள், திருச்சி மலைக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை முதுகில் ஐந்து கிலோ பையுடன் பர்வதமலை, சதுரகிரி, பருவம் வாய்த்தால் வெள்ளியங்கிரி ஏறிப் பாருங்கள். இறங்குவதையும் பழகுங்கள், முழங்கால் இறக்கத்தில்தான் தேய்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கால் வலுவும் உயரத்தைத் தாங்கும் வலுவும் வேறு வேறு. எங்களோடு வந்தவர்களில் தினமும் ஓடிப் பழகிய இளைஞர் முதல் நாளே படுத்துவிட்டார். மெல்ல மெல்ல நடந்த அறுபது வயது அம்மாள் வலத்தை முடித்தார். வேகமாக நடக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம்.

வலம் வரும் மூன்று நாளும் எப்படி இருக்கும்? உள்ளதைச் சொல்லுங்கள்.

முதல் நாள் தார்ச்சேன் ஊரிலிருந்து வண்டியில் யமத்துவாரம் வரை போகலாம். அந்தச் சிறிய வாசலைச் சுற்றி உள்ளே நுழைந்தால் நடை தொடங்குகிறது. ஆற்றோரமாக ஏறத்தாழ 12 கிலோமீட்டர், ஏற்றம் மெதுவானது. மாலையில் திராபுக் மடம். அங்கே கயிலையின் வடமுகம் எதிரே நிற்கும். நடுவில் எதுவும் இல்லை. கருத்த பாறையும் அதன் மேல் வரிவரியாகப் பனியும். சூரியன் விழும்போது பனி பொன்னாகிச் சிவந்து, கண் இமைப்பதற்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

இரண்டாம் நாள்தான் சோதனை. விடியும் முன் கிளம்பி டோல்மா கணவாய் ஏறி, இறங்கி, ஜுதுல்புக் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல். ஏற்றத்தில் நான் கண்ட வழி இது: ஓர் அடிக்கு ஓர் எழுத்து. ந என்று ஓர் அடி, ம என்று அடுத்தது. ய முடிந்ததும் நின்று இரண்டு மூச்சு. பிறகு மறுபடி. ஐந்தெழுத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாத இடம் உலகில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். உச்சியில் வண்ணக் கொடிகள் காற்றில் படபடக்கும். அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். இறங்கும்போது வலப்பக்கம் கீழே பச்சையாகக் கௌரி குண்டம் தெரியும். சரிவு செங்குத்து; தீர்த்தம் வேண்டுமானால் உள்ளூர்க்காரர்களிடம் பாத்திரம் கொடுத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் எளிது. சில மணி நேர நடை, பிறகு வண்டி.

குதிரையில் போனால் புண்ணியம் குறையுமா?

சுந்தரரோடு கயிலைக்குப் போன சேரமான் பெருமாள் குதிரையில்தான் போனார். தயங்காமல் எடுங்கள். யமத்துவாரத்தில் குலுக்கல் முறையில் குதிரையும் குதிரைக்காரரும் அமைவார்கள். நடுவில் கிடைப்பது அரிது. அதனால் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கணவாயின் இறக்கத்தில் குதிரை ஆளை ஏற்றாது. அந்தச் சில கிலோமீட்டரை எல்லோரும் நடந்தே தீர வேண்டும். குதிரையை நம்பி நடைப் பயிற்சியை விட்டவர்கள் அங்கேதான் அழுகிறார்கள்.

கிரிவலம் போலச் செருப்பில்லாமல் நடக்க வேண்டிக்கொண்டேன். விரதமும் இருக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பனியில் வெறுங்கால் வைத்தால் விரல் கருகும். விரல் போனால் வராது. வேண்டுதலைத் திருவண்ணாமலையில் நிறைவேற்றுங்கள். விரதமும் அப்படியே. உயரத்தில் பசி தானாகவே அடங்கிவிடும், தாகமும் தெரியாது. பிடிக்காவிட்டாலும் கஞ்சி, சூப், வெந்நீர் என்று உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள்.

மானசரோவரில் மூழ்கிக் குளிக்கலாமா?

சில ஆண்டுகளாக ஏரிக்குள் இறங்கிக் குளிக்க அங்குள்ள அதிகாரிகள் விடுவதில்லை. வாளியில் எடுத்துக் கரையிலிருந்து தள்ளி ஊற்றிக்கொள்ளலாம். வெயில் ஏறிய நடுப்பகலில் செய்யுங்கள். உடனே தலையைத் துவட்டிக் கம்பளித் தொப்பி போடுங்கள். தலைவலியோ சளியோ இருந்தால் மூன்று கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதே குளியல். சோப்பு, எண்ணெய், பூமாலை எதையும் தண்ணீரில் போடாதீர்கள். நம் ஊர்க் குளங்களுக்கு நாம் செய்ததை அங்கேயும் செய்ய வேண்டாம்.

போகும் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால்? தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா?

இதைப் பெண்கள் என்னிடம் தனியாக அழைத்துத்தான் கேட்பார்கள். இங்கே கருவறை இல்லை, அர்ச்சகர் இல்லை, தடுப்பவர் யாரும் இல்லை. வானத்தின் கீழ் நடக்கிறீர்கள். உங்கள் மனம் ஒப்பினால் நடங்கள். எனக்கு முதல் யாத்திரையில் வந்தது, நடந்தேன். தள்ளிப்போடும் மாத்திரைகளில் சில, இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டலாம். உயரமும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்த இடத்தில் அது சிறிய விஷயமன்று. மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். தங்கும் இடங்களில் கழிப்பறை வசதி மிகக் குறைவு. தேவையானவற்றைக் கொண்டுபோய், பயன்படுத்தியதை உறையில் கட்டித் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மறைத்துவிட்டுப் போகலாம் என்கிறார்களே?

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவர் ஒப்புதலோடு போய் வந்திருக்கிறார்கள். மறைத்தவரை அங்கே காப்பாற்ற முடியாது. பக்கத்தில் பெரிய மருத்துவமனை கிடையாது. இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும். உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டக்கூடும். கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

எதிர்த் திசையில் சிலர் வலம் வருகிறார்களே, அது தப்பில்லையா? தரையில் விழுந்து விழுந்து போகிறவர்கள் யார்?

எதிர்த் திசையில் வருபவர்கள் பொன் சமயத்தார். திபெத்தில் பௌத்தத்துக்கும் முந்திய மரபு அவர்களுடையது. இடமாகச் சுற்றுவது அவர்கள் முறை. பௌத்தருக்கு இது காங் ரின்போச்சே, விலைமதிப்பற்ற பனிமலை. சமணருக்கு ரிஷபதேவர் முத்தி பெற்ற அஷ்டாபதம். நான்கு சமயத்தார் ஒரே மலையைச் சுற்றுகிறார்கள். விழுந்து வணங்கிப் போகும் திபெத்தியர்கள் 52 கிலோமீட்டரையும் உடம்பால் அளக்கிறார்கள்; வாரக்கணக்கில் ஆகும். கைகளில் மரக்கட்டை, மார்பில் தோல் கவசம். நெற்றியில் மண் காய்ந்த ஒரு மூதாட்டி எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த கையோடு மறுபடி விழுந்தார். வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் குதிரை ஆண்டில் ஒரு வலம் பதின்மூன்று வலத்துக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2014 அப்படிப்பட்ட ஆண்டு, 2026உம் அப்படித்தான். கூட்டம் மிகும். இன்னொன்று: தலாய் லாமாவின் படமோ புத்தகமோ பையில் இருக்கக் கூடாது, எல்லைச் சோதனையில் குழு முழுவதும் சிக்கலில் மாட்டும்.

இவ்வளவு செலவு செய்து போய்ப் பாதியில் திரும்பினால் பாவமில்லையா?

2016இல் எங்களை அழைத்துப் போன ஏற்பாட்டாளர், புராங்கில் இருக்க வேண்டிய ஓய்வு நாளை வெட்டிவிட்டார். எங்களுக்கும் விதி தெரியாது. ஒரு நாள் மிச்சம் என்று மகிழ்ந்தோம். திராபுக்கில் அன்றிரவு தலை பிளந்தது. சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம். விடியற்காலை நாலு மணிக்கு ஷூ நாடா கட்ட உட்கார்ந்தேன். இரண்டு நுனியும் கையில் இருக்கின்றன. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நாற்பது ஆண்டாகக் கட்டிய முடிச்சு. பக்கத்தில் படுத்திருந்த மதுரைக்கார அம்மாள் பார்த்துவிட்டு, என்னை எழுப்பி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் சாய்ந்தேன். உடனே ஜீப்பில் ஏற்றித் தார்ச்சேனுக்கு இறக்கினார்கள். கீழே வந்து மூன்று மணி நேரத்தில் தலை தெளிந்தது. அதன்பிறகு அழுதேன்.

அப்போது எனக்குத் துணை நின்றவர் அப்பர். கயிலையைக் காணாமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்று புறப்பட்டவர் அவர். கால் தேய்ந்தது, கையால் நகர்ந்தார், மார்பால் ஊர்ந்தார், கடைசியில் புரண்டார். அந்த அப்பரையே இறைவன் முனிவராக எதிரே வந்து, திரும்பிப் போ என்றார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். அங்கேதான் கயிலைக் காட்சி கிடைத்தது. அவரைத் திருப்பியதும் அருள்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவள் நான். என்னைத் திருப்பியதை மட்டும் ஏன் பாவம் என்று எண்ண வேண்டும்?

அங்கே உயிர் போனால் நேரே முத்திதானே? எதற்கு இவ்வளவு பயம்?

பெரியவர்கள் பக்தியில் சொல்லும் வார்த்தை. அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முன் பதிலை மறுபடி பாருங்கள். உடம்பை அங்கேயே விடத் துணிந்தவரை இறைவன் அங்கே விட்டுவைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒன்று ஆனால் சுமப்பது குதிரைக்காரர். வலம் நிற்பது கூட வந்தவர்களுக்கு. இரு நாட்டுக் காகிதங்களோடு அலைவது பிள்ளைகள். பிறர் தலையில் இத்தனையை ஏற்றிவிட்டுப் பெறுவதை என்னால் முத்தி என்று சொல்ல முடியவில்லை.

கணவாயில் எனக்கு எந்த அனுபவமும் வரவில்லை. என் பக்தியில் குறையா?

போய்வந்த ஒருவர் கேட்டது. எனக்கும் வரவில்லை. 2019இல் டோல்மாவின் உச்சியில் நின்றபோது மூக்கு ஒழுகியது, விரல் மரத்தது, எப்போது இறங்கலாம் என்றுதான் இருந்தது. ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து, எங்கள் தெருக் கோயிலில் திருவாசகம் முற்றோதலில் உட்கார்ந்திருந்தபோது, ஐந்தெழுத்தைக் கேட்டதும் கால்கள் அந்த ஏற்றத்தை நினைத்துக்கொண்டன, கண்ணீர் நிற்கவில்லை. உங்களுக்கும் அப்படி வரும் என்று என்னால் உறுதி கூற முடியாது. குறை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

அம்மாவுக்கு 78 வயது, இதயம் பலவீனம். கயிலையைப் பார்க்காமல் கண் மூட மாட்டேன் என்கிறார். ஹெலிகாப்டரில் அழைத்துப் போகலாமா?

வேண்டாம். ஹெலிகாப்டர் நடையைத்தான் குறைக்கும், உயரத்தைக் குறைக்காது. உடம்பு பழகும் நாளைப் பறித்துக்கொண்டு ஆபத்தைக் கூட்டும். அரசு யாத்திரையில் 70 வயதுக்கு மேல் எடுப்பதும் இல்லை.

ஆடி அமாவாசையன்று அம்மாவைத் திருவையாற்றுக்கு அழைத்து வாருங்கள். அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த நாளாக ஐயாறப்பர் கோயிலில் விழா நடக்கும். தென்கயிலாயம், வடகயிலாயம் என்று இரண்டு சந்நிதிகளும் அந்தக் கோயிலுக்குள்ளேயே உண்டு. தஞ்சாவூரிலிருந்து பஸ்சில் அரை மணி நேரம்தான். காட்சி இரவில், கூட்டம் நெரிக்கும். மாலையிலேயே வந்துவிடுங்கள். அம்மா உட்கார ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வாருங்கள். எங்கள் குழு தண்ணீர்ப் பந்தலில் இருக்கும். தென்கயிலாயத்தின் பக்கம் இடம் பிடித்து வைக்கிறோம்.